வேட்டியில் கறுப்புப் புள்ளி: காரணம் அக்கா இல்லை, மெஷின்

பங்குனி உத்திரம் முடிந்து இத்தனை நாள் கழித்து இந்தப் பதிவைப் போடக் காரணம் இருக்கு. உத்திரத்தன்று காலையில் தொண்டர்கள் கட்டியிருந்த வெள்ளை வேட்டியில கறுப்புக் கறுப்பா புள்ளி இருந்த படம் ஆலய வாட்சாப் குழுவில் வந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீங்க. படத்துக்குக் கீழே என்னென்ன எழுதினாங்க என்பதையும் பார்த்திருப்பீங்க. அன்றைக்கே பதில் எழுதணும்னு கை துடிச்சது. தலைவர்தான், "முதல்ல என்னன்னு பாருங்க, பிறகு எழுதுங்க" என்றார். பார்த்தாச்சு. ரெண்டு சனிக்கிழமை, ஒரு ஞாயிறு போச்சு. இப்ப எழுதுறோம். கொஞ்சம் நீளமா இருக்கும், டீ கலக்கி வெச்சுக்கிட்டுப் படிங்க.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா சொல்லிடுறோம். மூலஸ்தானத்து வஸ்திரம், உற்சவருக்குச் சாத்துற பட்டு, இதெல்லாம் எந்தக் காலத்திலும் மெஷின்ல போட்டது கிடையாது. அது குருக்கள் மேற்பார்வையில தனியா, கையால துவைக்கிறது. மெஷின்ல போறது தொண்டர்கள் வேட்டி, மண்டபத்து மேசை விரிப்பு, அன்னதானக் கூடத்துத் துண்டு, அபிஷேகம் முடிஞ்சு தரை துடைக்கிற துணி, இதுகள்தான். ஆகவே யாரும் மனசு கலங்க வேண்டாம்.

இந்தத் துணிகளைத் துவைக்கிறது யாருன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. மண்டபத்துக்குப் பின்னால ஸ்டோர் ரூம் பக்கத்துல நிப்பாங்களே, அந்த அக்கா. பேர் எழுத வேண்டாம்னு சொல்லிட்டாங்க. வயசு அறுபத்தஞ்சுக்கு மேல. ஆலயத்துக்கு மெஷின் வர்றதுக்கு முன்னாலேயே குழாயடியில உட்கார்ந்து கையால துவைச்சவங்க. ஒரு சக்தி குடும்பம் பத்துக் கிலோ மெஷின் ஒண்ணு உபயமா வாங்கிக் கொடுத்து ஏழு வருஷம் ஆச்சு. வீட்டுல வெச்சிருக்கிற அதே மேல மூடி திறக்கிற மெஷின்தான், பச்சைத் தண்ணியில ஓடுறது. ஒரு குடும்பத்துத் துணிக்குச் செஞ்ச மெஷின், நம்ம ஆலயத்துல திருவிழா நேரத்துல ஒரு நாளைக்கு அஞ்சு தடவை ஓடுது.

படம் வந்த அன்றைக்கு ஒருத்தர், "துவைக்கிறவங்க கை சுத்தமில்லை" என்று எழுதினார். இன்னொருத்தர், "வயசாயிடுச்சு, கண்ணு தெரியல போல" என்றார். அக்கா அந்தக் குழுவுல இல்லை. ஆனா அவங்க மருமகள் இருக்காங்க. அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா வரல. அதுக்கு அடுத்த வெள்ளியும் வரல. ஸ்டோர்ல துணி மலை மாதிரி குவிஞ்ச பிறகுதான் சில பேருக்கு ஞாபகம் வந்தது, இதை யாரோ ஒருத்தர் இவ்வளவு நாளா செஞ்சுக்கிட்டு இருந்தாங்கன்னு.

எங்களுக்குப் பிழைப்பு பிறையில பிளாஸ்டிக் மோல்டிங் ஃபேக்டரியில. வெள்ளைக் கவர் அடிக்கும்போது சில நேரம் கறுப்புப் புள்ளியோட வெளிய வரும். ரிஜெக்ட். அப்ப புதுசா வந்த ஆபீசர் முதல்ல கேட்கிற கேள்வி, "யார் ஆபரேட்டர்?" என்பதுதான். முப்பது வருஷமா பார்த்துட்டோம், ஆபரேட்டர் கையில இருந்து வர்ற புள்ளி ரொம்பக் குறைவு. மெஷின் பேரலுக்குள்ள, ஸ்க்ரூ ஓரத்துல, பழைய பிளாஸ்டிக் ஒட்டிக்கிட்டு வெந்து கருகிப் போய் இருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமா உரிஞ்சு நல்ல பொருள்ல கலக்கும். ஆளை மாத்தினா போகாது. பேரலைச் சுத்தம் பண்ணணும். வேட்டிப் படத்தைப் பெருசாக்கிப் பார்த்த உடனே எங்களுக்கு இதுதான் தோணிச்சு. புள்ளி எல்லாம் உதிர்ந்த செதில் மாதிரி இருந்தது. கறைன்னா நூலுக்குள்ள இறங்கியிருக்கும். இது மேல ஒட்டியிருந்தது. நகத்தால சுரண்டினா வழவழன்னு வந்தது.

அதனால ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் ஸ்டோருக்குள்ள போனோம். முதல்ல ஒரு சோதனை. துவைச்ச நல்ல துண்டு நாலை மெஷின்ல போட்டு, சவர்க்காரத் தூள் ஒரு துளி கூடப் போடாம, வெறும் தண்ணியில ஓட விட்டோம். அஞ்சு நிமிஷத்துல நுரை! தூளே போடல, நுரை எங்க இருந்து வருது? மெஷினுக்கும் துணிக்கும் உள்ளே பழசு தங்கியிருக்குன்னு அர்த்தம். இதை நீங்க உங்க வீட்டுலயும் செஞ்சு பார்க்கலாம். காசு செலவில்லாத சோதனை.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கிட்டு, அடியில சுத்துற தட்டோட நடு மூடியைக் கழட்டி, ஸ்க்ரூவைத் திருகி, தட்டைத் தூக்கினோம். ஏழு வருஷமா கழட்டாததால லேசுல வரல. ரெண்டு பக்கமும் கம்பிக் கொக்கி மாட்டி இழுத்ததுல வந்தது. வந்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசல. சாம்பல் நிறத்துல களிமண் மாதிரி, ஒரு விரல் கனத்துக்கு அப்பிக்கிட்டு இருந்தது. நாத்தம் வேற. அழுகின மோர் நாத்தம். அதுக்குள்ள ஊக்கு, இருபது காசு நாலு, ஒரு ருத்ராட்ச மணி, இன்னும் ஒண்ணு. அதைக் கடைசியில சொல்றோம்.

கண்ணுக்குத் தெரியற ஓட்டைத் தொட்டிக்கு வெளியே இன்னொரு தொட்டி இருக்கு. நாம பார்க்கிற ஸ்டீல் பளபளன்னுதான் இருக்கும். அதோட முதுகும் வெளித் தொட்டியும் நேருக்கு நேர் பார்க்கிற இடைவெளிதான் குகை. அங்க கை போகாது, வெயில் போகாது, காத்து போகாது. தண்ணி மட்டும் ஒவ்வொரு தடவையும் போய் வரும்.

அந்தக் களி எப்படி வந்ததுன்னு நிறைய பேர் கேட்டாங்க. "தண்ணியில சுண்ணாம்பு" என்றார் ஒருத்தர். நம்ம நாட்டுக் குழாய்த் தண்ணி பெரும்பாலும் ஆறும் மழைத் தேக்கமும்தான், சுண்ணாம்புப் பிரச்சினை நமக்குப் பெருசா கிடையாது. நம்ம மெஷின்ல இருந்தது வேற. பச்சைத் தண்ணியில முழுசாக் கரையாத தூள் ஒண்ணு. துணியில இருந்து போற எண்ணெய், வேர்வை, நெய், பால் கொழுப்பு ஒண்ணு. விபூதிச் சாம்பல், அது தண்ணியில கரையவே கரையாது, அடியில போய் உட்காரும். இதுக்கெல்லாம் பசை மாதிரி இருந்து ஒட்ட வெச்சது, துணியை மென்மையாக்க ஊத்துறோமே, அந்த வாசனைத் திரவம். அது துணி மேல ஒரு மெல்லிய கொழுப்புப் பூச்சு பூசித்தான் மெத்துன்னு ஆக்குது. சவர்க்காரத்தோட சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு மெழுகு மாதிரி ஆயிடும். ஈரமும் சாப்பாடும் கிடைச்ச இடத்துல பூஞ்சை சும்மா இருக்குமா? கறுப்பு நிறமும் நாத்தமும் அதுதான்.

தைப்பூசம் இந்த வருஷம் நம்ம மெஷினை ஒரு கை பார்த்துடுச்சு. தண்ணீர்மலை போற வழியில நம்ம தண்ணீர்ப் பந்தல்ல மூணு நாள் சேவை. பால் சிந்தின துணி, சிரப் சிந்தின துணி, விளக்கெண்ணெய் துடைச்ச துணி, எல்லாம் பிளாஸ்டிக் பையில கட்டி ரெண்டு நாள் கழிச்சு வந்து சேர்ந்தது. அத்தனையும் அந்த ஒரு மெஷினுக்குள்ள போச்சு.

இப்ப எங்களுக்கு மனசு வலிச்ச இடத்தைச் சொல்றோம். அக்கா போன தீபாவளிக்கே நிர்வாகத்துல ரெண்டு பேர்கிட்ட சொல்லியிருக்காங்க, மெஷின் நாத்தம் அடிக்குதுன்னு. "வாசனைத் தண்ணி கூட ஊத்துங்க" என்று பதில் வந்திருக்கு. ஊத்தினாங்க. அப்புறம் துணி சரியா வெளுக்கலன்னு பேச்சு வந்தது. "தூள் பத்தல" என்றாங்க. ஒரு கரண்டி போட்ட இடத்துல மூணு கரண்டி போட்டாங்க. தூள் அதிகமானா நுரை அதிகம், நுரை அதிகமானா அலசல்ல போகாது, போகாதது ஒட்டிக்கும். குறை சொல்லச் சொல்ல அக்கா அதிகமாப் போட்டாங்க, போடப் போட அழுக்கு ஏறிச்சு. நாம வாயால கொட்டினதெல்லாம் அந்தத் தொட்டி முதுகுலதான் படிஞ்சு கிடந்தது.

புது மெஷின் வாங்கிடலாம்னு ஒரு யோசனையும் வந்தது. விலை கேட்டுட்டு வந்த தம்பி 1,500 வெள்ளி பக்கம் ஆகும் என்றார். அன்னதான நிதியில இருந்து எடுக்கணும். பழக்கத்தை மாத்தாம புதுசு வாங்கினா அதுவும் இதே கதிதான், அதனால முதல்ல சுத்தம் பண்ணிப் பார்ப்போம்னு பொருளாளர் சொன்னார். நல்லதாப் போச்சு. எங்களுக்கு ஆன மொத்தச் செலவு 40 வெள்ளிக்குள்ள.

தட்டுக்கு அடியில இருந்ததைப் பழைய பல் துலக்கும் பிரஷ் வெச்சு, வெந்நீரும் பாத்திரச் சவர்க்காரமும் போட்டுத் தேய்ச்சோம். நூல் வலைப் பை கிழிஞ்சிருந்தது, புதுசு மாட்டினோம். பிறகு தட்டைத் திரும்ப மாட்டிட்டுத்தான் பெரிய வேலை. அன்னதான அடுப்புல ரெண்டு அண்டா தண்ணி காய்ச்சினோம். கொதிக்கிற தண்ணியை நேரா ஊத்தக் கூடாது, உள்ளே பிளாஸ்டிக்கும் ரப்பரும் இருக்கு. மெஷின்ல முதல்ல பச்சைத் தண்ணி விட்டு, மேல சுடுதண்ணி கலந்து, கை வெச்சா ஒண்ணு ரெண்டு எண்ணுறதுக்குள்ள எடுக்கத் தோணுற சூட்டுக்குக் கொண்டு வந்தோம். 50 டிகிரி பக்கம். உங்க மெஷின் புத்தகத்துல எவ்வளவு சூடு தாங்கும்னு போட்டிருக்கும், அதுக்கு மேல போகாதீங்க. அதுல ஆக்சிஜன் பிளீச் தூள், சோடியம் பெர்கார்பனேட் என்று பாக்கெட்ல எழுதியிருக்கும், தண்ணி லிட்டருக்குப் பத்து கிராம் கணக்குல போட்டோம். எங்க மெஷினுக்கு முக்கால் கிலோ பிடிச்சது. வெந்நீர்ல அது சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாவும் பிரியும். நுரைச்சுக்கிட்டே போய் ஒட்டியிருக்கிறதைக் கிளப்பும். கையில உறை போட்டுக்குங்க. அலுமினியப் பாத்திரத்துல கரைக்காதீங்க, பாத்திரம் கறுத்துப் போகும். பாட்டில்ல கரைச்சு மூடியும் வைக்காதீங்க, உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும்.

அஞ்சு நிமிஷம் சுத்த விட்டு நிறுத்தினோம். பத்து நிமிஷத்துல மேல வந்தது பாருங்க! கடல் பாசியைக் கிழிச்சுப் போட்ட மாதிரி, கருகின கறிவேப்பிலை மாதிரி, மிதந்து மிதந்து வந்தது. மீன் தொட்டி வலையால அள்ளினோம். அள்ளாம தண்ணியைத் திறந்து விட்டா குழாயை அடைக்கும், இல்லன்னா திரும்பப் போய் ஒட்டிக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் சுத்த விட்டு, அள்ளி, அப்படியே ராத்திரி முழுக்க ஊற விட்டு, மறுநாள் காலையில அள்ளி, வடிச்சு, ரெண்டு தடவை அலசினோம். அடுத்த சனிக்கிழமை அதே வேலை இன்னொரு சுற்று. அதுலயும் வந்தது, ஆனா பாதிதான். மூணாவது சுற்றுல தண்ணி ஏறக்குறையத் தெளிவா இருந்தது. மெஷின்ல தொட்டி சுத்தம் பண்ற பட்டன் இருக்கேன்னு சிலர் கேட்டாங்க. மாசாமாசம் தட்டினா நல்லதுதான். ஏழு வருஷக் களியைப் பச்சைத் தண்ணியில ஒரு பட்டன் கழட்டிடும்னு நம்ப எங்களுக்கு மனசு வரல.

நடுவுல ஒரு தம்பி ஆர்வத்துல, "குளோராக்ஸையும் எலுமிச்சைச் சாறையும் சேர்த்து ஊத்துவோமா அண்ணே, சீக்கிரம் போயிடும்" என்றான். விளக்கு தேய்க்க வெச்சிருந்த எலுமிச்சை பக்கத்துலதான் கூடை நிறைய இருந்தது. வேண்டவே வேண்டாம். குளோரின் பிளீச்சோட எலுமிச்சை, வினிகர், கழிவறை கழுவுற ஆசிட், எது சேர்ந்தாலும் விஷ வாயு வரும். ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம்ல, நம்ம வீட்டுக் குளியலறையில, ஆளையே அடிச்சுப் போட்டுடும். வீட்டுல பிள்ளைங்களுக்கும் இதைச் சொல்லி வையுங்க.

முன்பக்கம் கண்ணாடிக் கதவு வெச்ச மெஷின் வீட்டுல இருக்கிறவங்களுக்கு: கதவு ரப்பர் மடிப்பை விரிச்சுப் பாருங்க, தூள் போடுற தட்டை முழுசா வெளிய இழுத்து அந்த ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, கீழே மூலையில சின்னக் கதவு இருக்கும், அதைத் திறந்து பம்ப் வடிகட்டியைக் கழட்டிப் பாருங்க. அடியில தாம்பாளம் வெச்சுக்கிட்டுக் கழட்டுங்க, தண்ணி கொட்டும். தொட்டியைச் சுத்தம் பண்ண அதுலயே 60, 90 டிகிரி ஓட்டம் இருக்கும், துணி போடாம ஓட விடுங்க. தூள் அளவு மட்டும் நாங்க சொன்ன கணக்கு வேண்டாம், நுரை பொங்கி வெளிய வந்துடும். பாக்கெட்ல போட்டிருக்கிற அளவே போதும்.

ஞாயிறு சாயங்காலம், அள்ளினதை ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டு எடுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனோம். பூ, பழம் எதுவும் கொண்டு போகல. டப்பா மட்டும்தான். திறந்து காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இதுக்கா என் கையைச் சொன்னாங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாங்க. அப்புறம் எழுந்து போய் எங்களுக்குக் காப்பி போட்டுக் கொண்டு வந்தாங்க. குழுவுல எழுதினவர்ல ஒருத்தர் மறுநாள் போய்ப் பேசிட்டு வந்திருக்கார். இன்னொருத்தர் போகல. போகணும்னு நாங்க நினைக்கிறோம்.

அக்கா திரும்ப வந்தாங்க. ஆனா சும்மா வரல, நிபந்தனையோட வந்தாங்க. நியாயமான நிபந்தனை. அதனால அன்பர்கள் கவனத்துக்கு: துணியை மென்மையாக்குற வாசனைத் திரவம் இனிமே உபயமா ஆலயத்துக்குக் கொண்டு வராதீங்க. கொடுத்தவங்க மனசு நல்ல மனசு, அதுல சந்தேகமே இல்லை. ஸ்டோர்ல இன்னும் பதினோரு பாட்டில் இருக்கு, என்ன செய்யறதுன்னே தெரியல. அதுக்குப் பதிலா சாதாரணச் சவர்க்காரத் தூள், இல்லன்னா அந்த ஆக்சிஜன் பிளீச் தூள் கொடுங்க, ரொம்ப உதவியா இருக்கும்.

விளக்கு, எண்ணெய் துடைச்ச துணி மெஷினுக்கு வரவே கூடாது. பழைய பேப்பர்ல துடைச்சுட்டு, தனி வாளியில பாத்திரச் சவர்க்காரம் போட்டு ஊற வைக்கணும். டோபி கடை டிரையர்லயும் அதைப் போடாதீங்க, எண்ணெய் ஊறின துணி சூட்டுல தீப்பிடிக்கிற ஆபத்து உண்டு. பால் பட்ட துணியை அன்றைக்கே பச்சைத் தண்ணியில அலசணும், வெந்நீர்ல போட்டா பால் துணியிலேயே உறைஞ்சிடும். விபூதித் துணியை வெளியே நல்லா உதறிட்டுப் போடணும். மஞ்சள் பட்ட துணி சவர்க்காரம் பட்டதும் சிவப்பா மாறினா பயப்படாதீங்க, அது மஞ்சளோட குணம், வெயில்ல காயப்போட்டா வெளுத்துடும். மெஷின் வேலை முடிஞ்சதும் மூடியைச் சாத்தாம விடணும். யாரோ ஒருத்தர் ஒழுங்கா இருக்கட்டும்னு தினமும் போய்ச் சாத்திட்டுப் போறீங்க. தயவுசெய்து சாத்தாதீங்க, காயட்டும்.

தூள் அளவுக்கு ஒரு கரண்டியில சிவப்புச் சாயத்தால கோடு போட்டு வெச்சிருக்கோம். அந்தக் கோட்டுக்கு மேல போடச் சொல்லி யாராச்சும் சொன்னா, எங்ககிட்ட அனுப்புங்கன்னு அக்காகிட்ட சொல்லியிருக்கோம்.

கடைசியா, தட்டுக்கு அடியில கிடைச்ச அந்த இன்னொண்ணு. சின்ன வேல் டாலர், வெள்ளி. பின்பக்கம் ரெண்டு எழுத்து வெட்டியிருக்கு. எத்தனை வருஷமா அங்க கிடந்ததோ தெரியல, அக்கா புளி போட்டுத் தேய்ச்சுப் பளிச்சுன்னு ஆக்கிட்டாங்க. ஆலய அலுவலகத்துல கவர்ல போட்டு வெச்சிருக்கோம். யாருடையதோ, அந்த ரெண்டு எழுத்தைச் சொல்லி வாங்கிக்குங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அலுவலகம் திறந்திருக்கும்.